ஊருக்கெல்லாம் ஒரே நம்பர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பயம் என்று நினைத்துவிடாதீர்கள். பயமும் கொஞ்சம் உண்டு, அது வேறு விஷயம். பெயரை எழுதினால் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வர வேண்டியிருக்கும்; எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. ஆகவே, 'அவர்'.

போடியில் மலைக்கு ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்கு எதிரே அவர் கடை இருந்தது. ஜெராக்ஸ், ரீசார்ஜ், எல்லாவித ஆன்லைன் விண்ணப்பங்களும். அவருடைய வலதுகைச் சுண்டுவிரலில் ஒரு நகம். நகம் எல்லோருக்கும்தான் இருக்கிறது, இது உரம் போட்டு வளர்த்தது. அதை வைத்துக் காதைக் குடைவார். குடைந்து எடுத்ததை வெளிச்சத்தில் நீட்டி, ஏலக்காய்க்குத் தரம் பார்க்கும் வியாபாரி மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிறகு அதே நகத்தால் என்டர் பட்டனைத் தட்டுவார். விண்ணப்பம் போய்விடும். எங்கள் பக்கத்து ஜனங்களின் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் முதியோர் பென்ஷனும் அந்த நகம் தட்டித்தான் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நல்லவேளை, ஆன்லைனில் வாசம் போகாது.

ரேகை வைக்கும் வேலை இன்னும் மோசம். ஏலக்காய் எடுக்கும் பெண்களுக்கு விரலில் ரேகையே இருக்காது. காயைக் கிள்ளிக் கிள்ளித் தேய்ந்திருக்கும். மிச்சமிருப்பதைச் செடியின் கறை மூடியிருக்கும். ரேகைக் கருவியின் கண்ணாடி சிவப்பாக எரிந்து 'மறுபடி வை' என்னும். கொஞ்சம் எண்ணெய்ப்பசை இருந்தால் ரேகை பதியும் என்பது எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரிந்த வித்தை. மற்றவர்கள், உன் தலையில் தேய்த்துக்கொள் என்பார்கள். இவர் அந்தக் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் தேய்ப்பார்.

"ஒந்தல காஞ்சு கெடக்கு ஆத்தா. எந்தலையிலதான் எண்ணெ நிக்கும்."

அவர்கள் விரலைப் பிடுங்கி முந்தானையில் துடைத்துக்கொள்வார்கள். துடைத்த விரல் பதியாது. மறுபடியும் தலை.

ஆனால் நான் சொல்ல வந்தது நகத்தையோ தலையையோ அல்ல. அவருக்கு மூடிய பொருள் ஆகாது. அதுதான் அவர். கடைக்கு வருகிறவர்களின் பையை இரண்டு விரலால் விலக்கி, "என்ன, கத்திரிக்காயா?" என்பார். ஒட்டிய கவரை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். டிபன் பாக்ஸ் கண்ணில் பட்டால் திறந்து மோந்துவிட்டு மூடி வைப்பார். சாப்பிட மாட்டார். சாப்பிட்டிருந்தால்கூட மன்னித்திருக்கலாம், பசி என்று. மோந்து பார்த்துவிட்டு மூடிவைத்த சோற்றை எந்த மனுஷன் சாப்பிடுவான்?

நான் கம்ப்யூட்டரில் பட்டம் பெற்றவன். அஞ்சல் வழியில். அந்தப் பட்டத்தின் பலனாக ஏலக்காய் மண்டி ஒன்றில் பில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் படித்தவன் என்ற திமிர் போகுமா? ஒருநாள் அவரிடம், "மாமா, ஊர்ச் சனத்தோட சங்கதி எல்லாம் ஒங்க கம்ப்யூட்டர்ல கெடக்கே, பத்திரமா இருக்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரையில் மேலே, முகவரிக்குப் பக்கத்தில் இருந்த குட்டிப் பூட்டுப் படத்தை நகத்தால் தட்டினார்.

"பூட்டு தெரியுதா மாப்ளே? பூட்டிருந்தா பத்திரம். நீ படிச்ச காலேசுல இதச் சொல்லிக்குடுக்கலியா?"

அந்தப் பூட்டு பொய்யில்லை. அது சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகிற வழியில் எவனும் பிரித்துப் படிக்க முடியாது. எஸ்டேட்டிலிருந்து கீழே வரும் லோடு ஜீப்பு மாதிரி. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் எந்த வளைவிலும் யாரும் மூட்டையில் கை வைக்க முடியாது. ஆனால் மூட்டையைக் கட்டியவனே கட்டுவதற்கு முன்னால் உள்ளே முழங்கை வரை விட்டுத் துழாவியிருந்தால்? தார்ப்பாய்க்கு அது எப்படித் தெரியும்? நம் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு, நம் கன்னத்தில் மூச்சு விட்டபடி, நாம் தட்டும் பாஸ்வேர்டை வாய்விட்டு எழுத்துக்கூட்டும் மனிதரைப் பற்றிப் பூட்டு ஒன்றும் சொல்லாது.

இதையெல்லாம் நான் அவரிடம் விளக்கினேன் என்றா நினைக்கிறீர்கள்? "ஆமா மாமா" என்றேன். ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். மேலே எஸ்டேட்டுகளில் டவர் கிடைக்காது. கிடைத்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர் வந்து வரவேற்புச் செய்தி அனுப்பிவிட்டு ஓடிவிடும். காலையில் ஜீப்பேறிப் போகிற பெண்கள் சாயங்காலம் இறங்கும்வரை செல் வெறும் கடிகாரம்தான். ஆனால் இன்று எந்தச் சோலிக்கும் ஓடிபி வேண்டும். ரேஷன், கேஸ், பேங்க், பிள்ளையின் ஸ்காலர்ஷிப் என்று எல்லாவற்றுக்கும் ஆறு எண் வரும், சில நிமிஷங்களில் செத்துப்போகும். ஜீப்பு போடிமெட்டு வளைவுகளில் இறங்கி வருவதற்குள் அதற்குக் காரியமே முடிந்திருக்கும்.

அவர்தான் வழி கண்டுபிடித்தார். "ஏன் ஆத்தா லோல்படுற? என் நம்பரப் போட்டுர்றேன். நீ மலையில இருந்தாலும் நம்பர் கீழ இருக்கும்ல?"

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் வரைக்கும் அவர் நம்பர்தான். மண்டி வேலையாக மேலே போய்க்கொண்டிருந்தபோது நானும் ஒப்புக்கொண்டேன். அதிலும் கொட்டகுடி ஆற்றில் வெள்ளத்தைப் பின்னணியாக வைத்து என் அழகைப் படம் எடுக்கப் போய், என் செல் மட்டும் ஆற்றோடு போயிருந்த சமயம் அது. அவசரம் போய்விட்டது, நம்பர் போகவில்லை.

இதில் உள்ள விபரீதம் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. எங்கோ இருக்கிற ஒரு சர்வருக்கு நம் முகம் தெரியாது, குரல் தெரியாது. அது நம் அத்தை இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நம்பர். அந்த நம்பருக்கு ஆறு எண்ணை அனுப்பும். யார் திருப்பிச் சொன்னாலும் 'நீதான் அந்த ஆள், உள்ளே வா' என்று கதவைத் திறக்கும். அதன் கணக்குப்படி இந்த மலைச்சரிவில் பாதி ஜனம் அவர் ஒருவரே. பென்ஷன் வாங்கும் கிழவியும் அவர். பிரசவ உதவி வாங்கும் பெண்ணும் அவர்தான்.

அவர் பணம் எதையும் எடுக்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், அவரே தினமும் சொல்வார்: "ஒரு பைசா தொட்டுருக்கேனா?" தொடவில்லை. படிப்பார், அவ்வளவுதான். படித்ததை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது. டீக்கடையில் நிற்கும் ஒருவரைப் பார்த்து ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே, "அப்பு, ரத்தப் பரிசோதன வந்துருச்சு. சக்கர கூடத்தான். அந்த டீய வச்சுரு!" என்பார். பஸ்சில் என்னைப் பார்த்து, முன்சீட்டில் இருந்தவர் பின்சீட்டுக்குக் கேட்கும்படி, "மாப்ளே, முடி வளர்ற தைலம் நாளைக்கு வருதாம். ஓடிபி என்ட்ட இருக்கு" என்றார். பஸ் முழுக்க என் தலையைத் திரும்பிப் பார்த்தது. தைலம் வந்தது. முடி வரவில்லை. அந்தச் செய்தியையும் அவரே ஊருக்குச் சொன்னார்.

திருடன் எடுத்ததைக் கொண்டு ஓடிவிடுவான். ஒருவிதத்தில் நாகரிகமானவன். இவர் எதையும் எடுக்காமல் நம் வீட்டுக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பேச்சியம்மாள் சிலமலையில் எங்களுக்கு அடுத்த தெரு. எனக்கு அண்ணி முறை. ஏலத்தோட்டத்துக்குப் போய் ஒற்றை ஆளாக மகள் மகேஸ்வரியைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தவர். பெண் நன்றாக மார்க் வாங்கியிருந்தாள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சென்னையிலுள்ள ஓர் அரசுக் கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டாள். அவள் மார்க்குக்கு அது கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பம் அவர் கடையில்தான். பாஸ்வேர்டு அவர் வைத்துக் கொடுத்தது. நம்பர் அவருடையது. ஈமெயில் மட்டும் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் அவளே உண்டாக்கி வைத்திருந்தது.

பட்டியலை முடிக்க வேண்டிய கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் மண்டியில் பில்லுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் இருந்தபோது மகேஸ்வரி மூச்சிரைக்க வந்தாள்.

"சித்தப்பா, என் லிஸ்டு மாறிக் கெடக்கு."

தோழியின் செல்லில் மெயிலைத் திறந்து காட்டினாள். 'உங்கள் விருப்பப் பட்டியல் மாற்றப்பட்டுள்ளது' என்று நேற்று வந்திருந்தது. இதுமாதிரி விஷயங்களில் கம்ப்யூட்டர் யோக்கியன். யார் கை வைத்தாலும் ஒரு வரி எழுதிப் போட்டுவிடும். நாம்தான் படிப்பதில்லை. கீழே புதுப் பட்டியல். பஸ்சேறினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடக்கூடிய பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று முதலிடத்தில் இருந்தது. அவள் அதைக் கேட்கவே இல்லை. சென்னை எங்கோ அடியில் கிடந்தது.

"நீ மாத்துனியா?"

"நான் எதுக்கு மாத்தப்போறேன்? வெரசா வாங்க சித்தப்பா."

கடைக்குப் போனபோது அவர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். கீபோர்டின் மேல் தூள் உதிர்ந்திருந்தது. கேட்டவுடன் மறுக்கக்கூட இல்லை.

"நாந்தான் மாத்துனேன். பொம்பளப்புள்ள மெட்ராசுல தனியா கெடந்து என்ன பண்ணும்? அக்கா மலைக்குப் போயிருது, கேக்க ஆளில்ல. நம்ம புள்ளன்னுதான மாப்ளே செஞ்சேன்?"

சினிமாவில் இதைச் செய்கிறவன் கறுப்புத் தொப்பி போட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பான். பச்சை எழுத்துகள் மழை மாதிரி கொட்டும். இங்கே வேட்டி, முறுக்கு, வாயோரம் எச்சில். எதையும் உடைக்கவில்லை. எல்லாக் கதவுக்கும் சாவியை நாங்களே கொடுத்திருந்தோம். ஒரு பெண்ணின் எதிர்காலத்துக்குள் செருப்போடு நடந்து போய்விட்டு வந்திருந்தார்.

மகேஸ்வரி அழவில்லை. என் செல்லை வாங்கி அந்தத் தளத்தைத் திறந்தாள். பாஸ்வேர்டைப் போட்டாள். ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது.

"ஓடிபி வந்துருக்கும். சொல்லுங்க மாமா."

அவர் சட்டைப்பைக்குள் 'டிங்' என்றது.

"வரலியே ஆத்தா" என்றார்.

"இப்பச் சத்தம் கேட்டுச்சே?"

"அது கேஸ் மெசேசு. டவரு சரியில்ல. நாளைக்கு வா."

"நாளைக்கு மூடிருவாக, மாமா."

அவள் மறுபடி அனுப்பச் சொல்லி அமுக்கினாள். டிங். அவர் கையைப் பையின் மேல் வைத்துக்கொண்டார், நெஞ்சுவலி வந்தவர் மாதிரி. பென்ஷனுக்கு ரேகை வைக்க நின்ற பெரியவர் ஒருவர், "யப்பா, ஒன் பைக்குள்ள தவள கத்துது, பாரு" என்றார். வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் முறுக்கு இருந்தது.

நான் குறுக்கே பாய்ந்தேன். தனிமனித அந்தரங்கம், தகவல் பாதுகாப்பு, சட்டம், தண்டனை என்று அஞ்சல் வழியில் படித்தது அத்தனையும் எடுத்துவிட்டேன். கோபத்தில் குரல் கீச்சென்று போய்விட்டது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "தைலம் பத்தலையோ மாப்ளே?" என்றார். இம்முறை வரிசை என்னைப் பார்த்துச் சிரித்தது. மகேஸ்வரி மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இன்னும் ஒருமுறை மட்டுமே முயலலாம்' என்று அதில் சிவப்பாக எழுதியிருந்தது. தளம் அவளைத் திருடி என்று சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது.

நேரம் நாலரையைத் தாண்டியது. எதிரே எஸ்டேட் ஜீப்பு வந்து நின்றது. பேச்சியம்மாள் அண்ணி தூக்குவாளியோடு இறங்கினார். மகளைக் கடைவாசலில் பார்த்ததும் நேரே வந்தார். மகேஸ்வரி நாலே வாக்கியத்தில் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் நாற்பது ஆகியிருக்கும்.

அண்ணி அவரைப் பார்த்தார்.

"தம்பி, அது வந்துச்சா, வரலியா?"

"வரலக்கா. சத்தியமா. நான் நல்லதுக்குத்தான் –"

"அமுக்குடி" என்றார் மகளிடம்.

"கடைசி தடவம்மா. போச்சுன்னா அம்புட்டுத்தான்."

"அமுக்கு."

டிங்.

சத்தம் அடங்குவதற்குள் அண்ணியின் கை அவர் சட்டைப்பைக்குள் போய் வெளியே வந்துவிட்டது. ஏலக்கறை ஏறிய கறுத்த விரல்கள். பூப்பூவாய் உறை போட்ட அந்தச் செல்லை அவை பிடித்திருந்தன. அவர் பதறவில்லை, உட்கார்ந்தபடியே கெக்கலித்தார்.

"லாக் போட்ருக்கேன்க்கா. எம்மூஞ்சியக் காட்டுனாத்தான் தொறக்கும்!"

திறக்க வேண்டியிருக்கவில்லை. வந்த மெசேஜ் பூட்டின் மேலேயே, ஆறு எண்ணும் பளிச்சென்று தெரிய, எரிந்துகொண்டிருந்தது. பூட்டியிருந்தாலும் செய்தி வெளியே தெரியும்படிதான் பெரும்பாலான செல்கள் வருகின்றன. வேண்டாம் என்றால் உள்ளே போய் நாமாக அணைக்க வேண்டும். ஊரையெல்லாம் திறந்து பார்த்த மனிதர் தன் வாசலைச் சாத்தவில்லை. யார் வந்து எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்!

மகேஸ்வரி எண்களைச் சொன்னாள். நான் தட்டினேன். ஒன்றைத் தப்பாகத் தட்டினேன்.

"தள்ளுங்க சித்தப்பா" என்று செல்லைப் பிடுங்கி, அதை அழித்துவிட்டு அவளே போட்டாள். கதவு திறந்தது. சென்னையை மேலே ஏற்றினாள், பக்கத்து ஊரைத் தூக்கி எறிந்தாள், உறுதி செய்தாள். பிறகு நம்பரை மாற்றும் இடத்துக்குப் போனாள். இங்கேதான் இந்த ஏற்பாட்டின் குரூரம்: பழைய நம்பரிலிருந்து விடுபட, பழைய நம்பருக்கே ஒரு ஓடிபி போகும். பேயிடம் அனுமதி வாங்கித்தான் பேயை ஓட்ட முடியும். அவர் எழுந்து கையை நீட்டினார். வரிசையில் நின்ற பெரியவர் மேசைக்கும் அவருக்கும் நடுவில் சாவகாசமாக நகர்ந்து நின்றுகொண்டார். டிங். அண்ணி செல்லை மகளின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"புது நம்பர் கேக்குது" என்றாள் மகேஸ்வரி.

"என் நம்பரப் போடும்மா" என்றேன் நான், பெருந்தன்மையாக.

அவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் என் சுண்டுவிரலில் நகம் முளைப்பதை உணர்ந்தேன்.

"அம்மா, ஒன் செல்லக் குடு" என்றாள். தூக்குவாளிக்குள்ளிருந்து ஒரு பட்டன் செல் வந்தது. சாயங்காலம் மட்டும் உயிர் வரும் செல். அது போதும் என்றாள். மெனக்கெட்டுச் சாயங்காலத்தில் செய்துகொள்கிறேன் என்றாள்.

அண்ணி பூப்போட்ட செல்லை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தார். தோட்டத்துக் கறை துடைத்தால் போகாது. அது அண்ணிக்கும் தெரியும். அண்ணி துடைத்தது வேறு.

"ஒரு பைசா தொட்டுருக்கேனாக்கா நான்?" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"தொட்டுருந்தா திருப்பிக் கேட்டு வாங்கிருப்பேன்ல" என்றார் அண்ணி.

அந்த வாரமே பெரியவர் நம்பரை மாற்றிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக. எஸ்டேட் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வந்து, ஒருத்தி அவர் செல்லைப் பிடிக்க, ஒருத்தி படிக்க, மற்றவர்கள் சுற்றி நிற்க, மாற்றிக்கொண்டு போனார்கள். நானும் மாற்றினேன், அவர் செல்லைத் தொட வேண்டியிருந்ததே என்று வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

கவுன்சிலிங் முடிவு வந்து, மகேஸ்வரிக்குச் சென்னையிலேயே இடம் கிடைத்து, அவள் போயும்விட்டாள். அதற்குப் பிறகு ஒருநாள் டீக்கடையில் நின்றிருந்தேன். அவர் தன் கடையிலிருந்து ரோட்டைத் தாண்டி வந்தார். கையில் செல். நின்ற கொஞ்ச நேரத்தில் பலமுறை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது கம்மென்றிருந்தது.

"மாப்ளே" என்றார், குரலைத் தாழ்த்தி. அவருக்குத் தாழ்த்தத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "அந்தப் புள்ளைக்கு எங்க கெடச்சுச்சு?"

முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடி பாவமாக இருந்தது. பிறகு நாக்கு வெளியே வந்து உதட்டை நனைப்பதைப் பார்த்தேன். மூடிய டிபன் பாக்ஸை மோந்து பார்க்கும் அதே ஆசை.

"சொல்லு மாப்ளே. நம்ம புள்ளதான?"

என்னிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் நான் வீடு போய்ச் சேருமுன் அது தேவாரம் போய்விடும் என்பது என் மனைவியின் கணிப்பு. தப்பில்லை. அந்தச் சேதி என் நாக்கு நுனியில் துள்ளிக்கொண்டிருந்தது. டீ சூடாக இருந்தது, கண்ணாடித் தம்ளர் நிறைய இருந்தது. தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஒரு முழு டீயைக் குடிப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

குடித்து முடித்தேன்.